முடிக்குத் தயங்கும் பெண்: ‘த பிரின்சஸ் டயரீஸ்’ நாவல் குறித்துத் திருமலை (திருகோணமலை) வாசகர் விவாதம்

உவர்மலை வாசகி:

மெக் கபோட் எழுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த பிரின்சஸ் டயரீஸ்’ நாவலின் முதற்பாகத்தை அண்மையில் படித்து முடித்தேன். இளையோருக்கான அரச குடும்பக் காதற்கதை என்றவுடன் முகஞ்சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. நானும் அதைப் பேரிலக்கியம் என்று தூக்கிப்பிடிக்க வரவில்லை. ஆனால், இலேசாகப் படிக்கக்கூடிய நூல் என்பதனாலேயே அதை இலேசாக எழுதிவிட்டார்கள் என்று கொள்வது நியாயமன்று.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருங்கச் சொல்கிறேன். நியூயோர்க்கில் ஓவியரான தாயுடன் வாழும் மியா என்ற பதினான்கு வயதுப் பெண் அட்சரகணிதத்தில் தேறமுடியாமல் தவிக்கிறாள். அந்த வேளையில் அவளுடைய தாய் அதே அட்சரகணித ஆசிரியருடன் நெருங்கிப் பழகத் தொடங்குகிறார். அந்த மானக்கேட்டையே அவள் தாங்கிக்கொள்ளாதிருக்கும்போது, வெளிநாட்டில் வாழும் தந்தை வந்து, தாம் ஜெனோவியா என்ற குட்டி நாட்டின் இளவரசர் என்றும், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் தமக்கு இனிப் பிள்ளைப்பேறு இல்லையென்பதால் அவளே முடிக்குரியவள் என்றும் அறிவிக்கிறார். பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆசிரியர் தம் கற்பனையில் ஒட்டிவைத்த நாடு அது.

2001ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவலை அறிந்ததாக நினைக்க வேண்டாம். படத்தில் தந்தை இறந்துவிட்டார்; கதை நிகழுமிடமும் சான் பிரான்சிஸ்கோவாகிவிட்டது; ஜூலி அன்ட்ரூஸ் நடித்த பாட்டி கண்டிப்பானவரென்றாலும் கனிவானவர். நாவலிலோ தந்தை உயிரோடிருக்கிறார். அவருடைய தாயான கிளாரிஸ் சிகரெட்டும் மதுவும் கையுமாக, கண்ணோரத்து மையைக்கூடப் பச்சைகுத்திக்கொண்டு, உரோமமற்ற ஒரு நாயையும் இழுத்துக்கொண்டு வரும் பயங்கரமான பெண்மணி. இந்த மாற்றத்தால் கதையின் பொருளே வேறாகிவிடுகிறது. தந்தை இறந்திருந்தால் பேத்தியைத் தேடி வருவது பாசம். அவர் உயிரோடிருக்க, இதுவரை அரண்மனைச் செய்திகளிலிருந்து ஒளித்துவைக்கப்பட்ட மகள் வேறு வாரிசு கிடையாது என்ற ஒரே காரணத்திற்காகத் திடீரென வேண்டப்படுகிறாள் என்றால், சிரிப்பினடியில் ஒரு கசப்பு இருக்கிறது. நாவல் அந்தக் கசப்பை எங்கும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அதுவே அதன் நயம்.

எழுத்துத் திறமையின் பெரும்பகுதி நாட்குறிப்பு வடிவத்திலேயே இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது, கழிவறையில் ஒளிந்திருக்கும்போது, பாட்டியின் பயிற்சிக்குப் போகும் வழியில் என்று கிடைத்த நேரத்திலெல்லாம் மியா கிறுக்குகிறாள். நடுநடுவே வீட்டுவேலைப் பட்டியலும் அட்சரகணிதக் குறிப்புகளும் வந்து விழுகின்றன. தோழி லில்லியின் அண்ணன் மைக்கேல் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பகுதிகளைப் பாருங்கள். அவன் மனம் எங்கிருக்கிறது என்பது வாசகருக்கு முன்னமே தெரிந்துவிடும். எழுதுகிறவளுக்கு மட்டும் தெரியாது. தன் கையால் எழுதுகிற ஒன்றின் பொருளைத் தானே உணராத ஒருத்தியைக் கடைசிவரை நம்பும்படி காட்டுவது எளிதான காரியமன்று.

குறையென்று சொல்வதானால் காதற்பகுதியைத்தான் சொல்வேன். பாடசாலையின் அழகன் ஜோஷ் திரும்பிப் பார்த்த கணத்திலேயே, அவன் பார்ப்பது அவளையன்று, அவளைச் சூழ்ந்துள்ள செய்தியாளர்களை என்று ஒரு குழந்தைக்கும் புரிந்துவிடும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாலையூற்று மாணவி:

உவர்மலை அக்காவுக்கு வணக்கம். நான் உயர்தரம் படிக்கிறேன்; இத்தொடரின் மூன்று பாகங்களை அடுத்தடுத்துப் படித்திருக்கிறேன். காதற்பகுதி பலவீனமானது என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஜோஷின் நோக்கம் நமக்கு முன்னமே தெரிந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால், அவன் எப்படிப்பட்டவன் என்பதை வாசகரிடமிருந்து மறைப்பது ஆசிரியரின் எண்ணமாக இருந்ததாகத் தெரியவில்லை. தெரிந்தும் ஆசைப்படுகிற வயதை அவர் எழுதியிருக்கிறார். பாடசாலை நடன விழாவின் வாசலில் புகைப்படக்காரர்கள் முன்னிலையில் அவன் மியாவை முத்தமிடும் இடத்தில், அவள் முதன்முறையாக விழிப்படைவதோடு, அது தன்னுடைய முதல் முத்தம் என்பதையும் இழந்துபோகிறாள். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மைக்கேலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு முடி கிடைக்கவிருக்கிறது என்ற செய்தி பத்திரிகையில் வருவதற்கு முன்னும் பின்னும் அவன் ஒரே மாதிரி நடந்துகொள்கிறான். அந்தக் கூட்டத்தில் அப்படி நடப்பவர்கள் மிகச் சிலரே. தனியார் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்து கணக்கு விளங்கப்படுத்துகிற ஒருவனைப் பெரியவர்கள் கதாநாயகனாகக் கருதமாட்டார்கள் போலும்.

துறைமுகத்தார்:

பிள்ளைகள் இருவரும் எழுதியதை ஆர்வத்தோடு படித்தேன். என் பேத்தி இந்நூலின் ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்திருந்ததால் நானும் வாங்கிப் படித்தேன். பல இடங்களில் சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும், முடியைப் பற்றி இவ்வளவு விளையாட்டாகப் பேசுவது எனக்கு ஒவ்வவில்லை.

1972 மே மாதம் குடியரசாகும் வரைக்கும் நாமும் ஓர் அரசியின் குடிமக்களாகவே இருந்தோம் என்பதை இளைய தலைமுறை மறந்துவிட்டது. 1957 வரை நம் துறைமுகம் பிரித்தானிய அரச கடற்படையின் தளமாக இருந்தது. முடி என்பது எங்களுக்கு அழகான தலைக்கவசமோ தலைமயிரை வெட்டி நிறமூட்டும் அலங்காரமோ அன்று. அது கொடிமரத்தில் பறந்தது, கட்டளைகளில் இருந்தது, எங்கள் சம்மதத்தை ஒருபோதும் கேட்டதில்லை. ஜெனோவியாவின் குடிகளைப் பற்றி இந்த நாவலில் எங்கேனும் ஒரு வரி ஆழமாக எழுதப்பட்டிருக்கிறதா? அங்கே வரி கட்டுபவன் யார், அரண்மனையின் செலவைச் சுமப்பவன் யார் என்ற கேள்வியே எழவில்லை.

இன்னொன்று, அந்த அலங்கார அத்தியாயம். பாட்டி தன் பேத்தியை அழகு நிலையத்துக்கு இழுத்துச் சென்று, முடியை வெட்டி, நிறம் மாற்றி, நகம் பொருத்தி ஆளையே உருமாற்றுகிறார். நம்முடைய பெண்பிள்ளைகளுக்கு நிறமும் தோற்றமும் பற்றிய நெருக்கடி ஏற்கெனவே போதாதா? வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் தலைமயிர் மேலும் வெளுப்பாக மாற்றப்படுவதைத் திருமலையில் இருந்து படிக்கும் பதின்மூன்று வயதுச் சிறுமி எப்படி எடுத்துக்கொள்வாள்?

கிண்ணியா ரீச்சர்:

துறைமுகத்து ஐயாவின் கடைசிக் கேள்விக்கு வகுப்பறையில் இருந்து பதில் சொல்ல விரும்புகிறேன். ஆங்கில வாசிப்புப் பாடவேளையில் தரம் 9 மாணவிகளுக்கு இந்த அலங்கார அத்தியாயத்தைப் படித்துக்காட்டியிருக்கிறேன். அவர்கள் உருமாறியவளை வியக்கவில்லை. ‘பாட்டி கேட்காமலே செய்துவிட்டாரே’ என்பதில்தான் அவர்களுக்குக் கோபம் வந்தது. நாவலும் அந்தக் கோபத்தின் பக்கமே நிற்கிறது. கண்ணாடியில் தெரிவது தான் இல்லை என்று மியா எழுதுகிறாள். லில்லியோ அதற்காக அவளைக் குத்திப் பேசி நட்பையே முறித்துக்கொள்கிறாள். தலையலங்காரத்தால் வாழ்வு மலர்ந்தது என்று முடியும் கதைகள் வேறு வகை.

எனக்கு உறுத்தியது வேறோர் இடம். மியாவின் வகுப்பில் ரீனா ஹக்கீம் பாபா என்றொரு பெண் இருக்கிறாள். அவளுடைய தந்தை எண்ணெய்ச் செல்வரான அரபு ஷேக். மகளைக் கடத்திவிடுவார்களோ என்று அஞ்சி எந்நேரமும் ஒரு மெய்க்காவலரை அவளோடு அனுப்புகிறார். அரபு என்றால் எண்ணெய், எண்ணெய் என்றால் கடத்தல் என்ற அச்சு வார்ப்பைக் கண்டவுடன் நூலை மூடிவிடலாமா என்று நினைத்தேன். மூடாமல் தொடர்ந்தது நன்றாயிற்று. மெய்க்காவலரின் காரணமாக யாரும் அருகில் அமராத அந்தப் பெண்ணோடு மியா மதிய உணவுக்குப் போய் அமர்கிற பகுதி இந்நாவலில் மிகச் சிறந்தது. இருவரில் பணக்காரியான ரீனாவுக்கே காதற்கதைகள் மீது தீராத ஆசை. அவளே மியாவுக்கு வாய்த்த தோழிகளில் நேர்மையானவள். ஆகவே, ஆசிரியர் வார்ப்பைக் கடன் வாங்கினார், பிறகு அதற்குள் ஓர் உயிரை வைத்தார் என்று சொல்வேன். முதலாவதற்கு மன்னிப்பு இல்லை; இரண்டாவதை மறுக்கவும் முடியாது.

பாட்டியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவரைப் போன்ற மூதாட்டிகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பாகப் பேசமாட்டார்கள். ஆனால், கலியாண வீட்டில் எப்படி இருக்க வேண்டும், யாருக்கு முதலில் ஸலாம் சொல்ல வேண்டும், எந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் நமக்குக் கற்றுத் தந்தவர்கள் அவர்களே. கிளாரிஸ் பேத்தியிடம் உலகில் நீ வியக்கும் பத்துப் பெண்களை எழுதி வா என்கிறார். அரச மரியாதை என்ற பெயரில் கொடுக்கப்படும் வீட்டுவேலை அது. எழுதுகிறவளின் உள்ளம் அதில் வெளிப்பட்டுவிடுகிறது.

தம்பலகாமத்தான்:

இந்த விவாதத்தில் கல்கியை யாரும் இழுக்காதது வியப்பாக இருக்கிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில், மியாவின் நிலையிலேயே இருக்கும் ஒருவன் உண்டு. குந்தவையையும் வந்தியத்தேவனையும் எல்லோரும் நினைப்பீர்கள். நான் சொல்வது சேந்தன் அமுதனை. தஞ்சையில் தாயோடு பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்துவரும் அந்த இளைஞன், தான் முடிக்குரியவன் என்பதை அறியாமல் வளர்கிறான். அறிந்தபின்னும் அதை விரும்பவில்லை. இளவரசரை நினைத்து ஏங்கிய ஓடக்காரப் பெண் பூங்குழலி அவனை மணக்கிறாள்; அரசியுமாகிறாள். அரச குடும்பக் காதற்கதை வெளியூர்ச் சரக்கு என்று நினைப்பவர்கள் அந்தக் கடைசிப் பாகத்தை மறுபடி படிக்கட்டும்.

வேறுபாடும் இருக்கிறது. சேந்தன் அமுதன் தன் தயக்கத்தைத் தன் வாயால் நமக்குச் சொல்வதில்லை. கதைசொல்லி அவனுக்காகப் பேசுகிறார். நம் வரலாற்று நாவல்களில் முடிக்குரியவர் யாராயினும் உயரத்தில் வைத்தே பேசப்படுகிறார். ஆழ்வார்க்கடியான் சிரிக்க வைப்பான், வந்தியத்தேவன் சிரிக்க வைப்பான். ஆனால் அரியணையைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. மெக் கபோட் அரியணையைப் பார்த்தே சிரிக்கிறார்.

நம் ஊரிலேயே இப்படியொரு கதைக்கான கரு கிடக்கிறது. குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் கோயில் திருப்பணியைச் செய்துகொண்டிருக்கையில், யாரோ அந்நியன் வந்து தன் நாட்டில் கட்டடம் எழுப்புகிறான் என்று அறிந்து அவனை விரட்ட ஆளனுப்பியவள் ஆடகசவுந்தரி. குழந்தையாகப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டு, கரையொதுங்கி, பின்னர் அரசியானவள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். விரட்ட வந்த பகை திருமணத்தில் முடிகிறது. கந்தளாய்க் குளத்தின் கதையோடும் அவள் பெயர் பிணைந்திருக்கிறது. பிறப்பறியாத பெண், கிடைத்த முடி, பகையில் தொடங்கும் காதல் எல்லாமே இருக்கின்றன. ஆடகசவுந்தரி தன் பதினான்காவது வயதில் நாட்குறிப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று எவரேனும் எழுதத் துணிவார்களா?

துறைமுகத்தார்:

தம்பி, எழுதினால் கோயில் வாசலில் வைத்தே கேள்வி கேட்பார்கள். ஆடகசவுந்தரியை அட்சரகணிதத்தில் தவறவிட முடியாது.

தம்பலகாமத்தான்:

ஐயா சொல்வது வேடிக்கையாகத் தோன்றினாலும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நமக்குத் துயரம் இருந்தால்தான் காதற்கதைக்கு மதிப்பு. கோணேசர் மலையுச்சியில் 1687 என்று பொறித்த ஒரு தூண் நிற்கிறது. ஒல்லாந்த அதிகாரியின் மகள் பிரான்சினா, தன்னை விட்டுக் கப்பலேறியவனை நினைத்து அங்கிருந்து கடலில் பாய்ந்தாள் என்று சுற்றுலா வருவோருக்கெல்லாம் சொல்கிறோம். அவள் பின்னரும் உயிர்வாழ்ந்து வேறொருவரை மணம் புரிந்தாள் என்பதை ஒல்லாந்தர் பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பகுதியை ஒருவரும் சொல்வதில்லை. ஏமாற்றியவனை மறந்து, வேறொருவனை மணந்து, சாப்பிட்டுத் தூங்கி வாழ்ந்த பெண்ணுக்கு நாம் தூண் வைக்கமாட்டோம். மியா அந்த இரண்டாவது வகைப் பெண். ஜோஷின் முத்தத்துக்குப் பிறகு அவள் எங்கும் பாயவில்லை. திரும்பி உள்ளே போய் நண்பர்களோடு நடனமாடுகிறாள்.

உவர்மலை வாசகி:

தம்பலகாமத்து அண்ணாவின் பிரான்சினாவை நான் எதிர்பார்க்கவில்லை. இந்நாவலைப் பற்றி நான் சொல்ல நினைத்ததை என்னைவிடத் தெளிவாக அது சொல்லிவிட்டது.

துறைமுகத்து ஐயாவின் முதற்கேள்வி பாரதூரமானது. அதைத் தாண்டிப் போக விரும்பவில்லை. முதற்பாகத்தில் ஜெனோவியாவின் குடிமக்கள் இல்லை என்பது சரியே. மியாவின் பேரமெல்லாம் தன்னைப் பற்றியதுதான்: நியூயோர்க்கை விட்டுப் போகமாட்டேன், பள்ளிப் படிப்பை அங்கேயே முடிப்பேன் என்கிறாள். ஆனாலும், பாட்டியிடம் பயிற்சிக்குப் போவதற்கு ஈடாக நாளொன்றுக்கு நூறு டொலரைக் கிறீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று தந்தையிடம் நிபந்தனை போடுகிறாளே, அதைக் கவனித்தீர்களா? அரச பணத்தை எங்கே செலுத்துவது என்று முடியை விரும்பாதவள் எடுக்கிற முதல் முடிவு அது. நகைச்சுவையாகவே வருகிறது, அதனாற்றான் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

அந்த விதை பின்னால் முளைக்கிறது. ஒன்பதாம் பாகத்தில், பதினேழாம் நூற்றாண்டில் சிலநாள் மட்டும் ஆட்சியிலிருந்து கொள்ளைநோயால் இறந்த அமெலி என்ற முன்னோரின் நாட்குறிப்பு மியாவின் கையில் கிடைக்கிறது. ஜெனோவியாவை மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசாங்கமுள்ள நாடாக்கும் ஆவணத்தில் அந்த இளம் அரசி கையொப்பமிட்டிருந்ததும், அது மறைக்கப்பட்டதும் தெரியவருகின்றன. மியா அதைத் தன் குடும்பத்தின் நலனுக்கு எதிராகவே வெளிப்படுத்துகிறாள். பத்தாம் பாகத்தில் அவளுடைய தந்தை பிரதமர் பதவிக்குத் தேர்தலில் நின்று வாக்குக் கேட்கிறார். இளவரசர் வாக்குக் கேட்டு நிற்பதைக் காட்டும் அரச காதற்கதை வேறு எத்தனை உண்டு? 1972ஐ மறவாத ஐயா அந்தப் பாகங்களையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாலையூற்றுத் தங்கைக்கு: மைக்கேலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அவனை நான் குறை கூறவில்லை. ஜோஷை இன்னும் கொஞ்சம் மனிதனாக எழுதியிருக்கலாம் என்பதே என் மனக்குறை. வெறும் பொம்மையிடம் ஏமாறுவதில் பெருந்துயரம் இல்லை. அவனுக்கு ஒரேயொரு நல்ல குணம் இருந்திருந்தாலும், நீங்கள் சிரிக்காமல் படித்த அந்த வாசற்படிக் காட்சி நமக்கெல்லாம் வலித்திருக்கும்.

பாலையூற்று மாணவி:

அக்கா, இதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மியாவின் பார்வையில்தான் கதை வருகிறது. அவள் ஜோஷோடு பேசியதே குறைவு. தூரத்தில் நின்று பார்த்த ஒருவனைப் பற்றி அவளுக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். அவனுக்கு நல்ல குணம் இருந்திருந்தாலும் அதை அறியும் வாய்ப்பு அவளுக்குக் கிடைத்திருக்காது. நாட்குறிப்பு வடிவத்தைப் புகழ்ந்துவிட்டு, அந்த வடிவம் காட்ட முடியாததைக் கேட்பது சரியா?

கிண்ணியா ரீச்சர்:

பிள்ளையின் வாதத்துக்கு முழுப் புள்ளி கொடுத்துவிட்டேன். வாசகி அக்கா பதில் சொல்லியே ஆக வேண்டும்.

துறைமுகத்தார்:

ஒன்பதாம் பாகத்தைப் பற்றி அறிந்தது எனக்குப் புதிய செய்தி. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மக்களாட்சி வருவதற்கும் ஓர் இளவரசியின் பெருந்தன்மைதான் தேவைப்படுகிறது என்றால், முடியின் மீதுள்ள மயக்கம் இன்னும் தீரவில்லை என்றுதானே பொருள்? கையொப்பமிட்டவளும் அரசி, கண்டெடுத்தவளும் அரசி. தெருவில் இறங்கிக் கேட்டவர் எவருமில்லை. இதைச் சொல்லிக்கொண்டே, பேத்தியிடம் அடுத்த பாகங்கள் இருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

உவர்மலை வாசகி:

தங்கையின் கேள்விக்கு: வடிவம் காட்ட முடியாததை நான் கேட்கவில்லை. மைக்கேலின் மனத்தை அதே நாட்குறிப்பு, மியா அறியாமலே நமக்குக் காட்டிவிடுகிறதல்லவா? ஜோஷுக்கும் அப்படி ஒரு வரி கசிந்திருக்கலாம். மைக்கேலுக்காக எடுத்த சிரமத்தை ஆசிரியர் ஜோஷுக்காக எடுக்கவில்லை என்பதே என் முறைப்பாடு. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

ஐயாவின் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பேத்தியிடம் ஒன்பதாம், பத்தாம் பாகங்கள் இல்லையென்றால் என் பிரதிகளைத் தருகிறேன். 2015இல் வந்த பதினோராம் பாகம் வளர்ந்தவர்களுக்காக எழுதப்பட்டது. ஆதலால் அதைப் பேத்திக்குக் கொடுக்குமுன் ஐயா தாமே ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. இடையிலுள்ள பாகங்களில் நான்காவதையும் ஐந்தாவதையும் விட்டுப் படித்தாலும் கதை பிடிபடும் என்பேன். இதற்குப் பாலையூற்றில் இருந்து எதிர்ப்பு வரும் என்பதும் தெரியும்.

பாலையூற்று மாணவி:

கட்டாயம் வரும். மூன்றாம் பாகத்தின் முடிவை வைத்தே சொல்கிறேன், அடுத்ததை விட்டுவிட்டுப் படிக்க யாராலும் முடியாது. நான்காவது யாரிடமாவது இருந்தால் உயர்தரப் பரீட்சை முடிந்த மறுநாள் வந்து வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் தயவுசெய்து என் கண்ணில் காட்ட வேண்டாம்.